டிரம்மர் பாட்டுக்கு வாசிக்கிறாரா? புதிதாகக் கேட்பவர்களுக்குச் சில வழிகள்

கல்லூரியில் எங்கள் விடுதிக் குழுவுக்கு நான்தான் டிரம்ஸ். கற்றுக்கொள்ள ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது, கை கொஞ்சம் வேகமாக ஓடத் தொடங்கியிருந்தது, அதை நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? ஆண்டு விழாவில் நண்பன் ஒரு மெதுவான பாட்டை எடுத்தான். நான் ஒவ்வொரு வரி முடிவிலும் குச்சிகளை மடமடவென்று உருட்டி ஒரு ரோல், வரிக்கு நடுவில் மூச்சு விட நிறுத்தினால் அங்கே ஒரு ரோல், சரணத்துக்குப் போவதற்கு முன்னால் சிம்பல் எல்லாவற்றையும் ஒரு சுற்று. இரண்டாவது சரணத்தில் அவன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பி, “டேய், நான் பாடட்டுமா வேண்டாமா?” என்றான். பொத்தியது சரியாகப் பொத்தவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அன்றைக்கு அவமானமாகத்தான் இருந்தது. டிரம்ஸ் பற்றி எனக்குக் கிடைத்த முதல் நல்ல பாடம் அதுதான் என்று புரிய இன்னும் நாலைந்து வருடம் ஆனது. டிரம்மர்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கண்ணால் பார்த்ததையே பேசுகிறோம். என்ன வேகம், எத்தனை டிரம் வைத்திருக்கிறார், குச்சியை எப்படிச் சுழற்றிப் பிடித்தார், இதெல்லாம். காதால் கேட்க வேண்டிய விஷயம் பேச்சிலேயே வராது. இசைக்காரர்கள் தங்களுக்குள் ஒரு டிரம்மரை மெச்சும்போது ‘ரொம்ப மியூசிகல்’ என்பார்கள். முதலில் கேட்கும்போது குழப்பும்: டிரம்மில் என்ன ஸ்வரமா இருக்கிறது, ராகமா இருக்கிறது? சபாவில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு விளக்கவே வேண்டாம், மிருதங்கக்காரரைப் பற்றி ‘பாட்டுக்கு வாசிக்கிறார்’ என்று சொல்வார்களே, அதேதான். அப்படி வாசிக்கிற டிரம்மர்கள் ஜாஸிலும் இருக்கிறார்கள், ராக்கிலும் இருக்கிறார்கள், நைஜீரியாவின் லாகோஸிலும் ஜமைக்காவின் கிங்ஸ்டனிலும் இருக்கிறார்கள். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது, கேட்கும்போது காதை எங்கே வைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் டிரம் செட்டில் எது எது என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். வலது காலால் மிதித்து அடிப்பது கிக், தரையில் படுத்திருக்கும் பெரிய டிரம், ‘தும்’ என்று வயிற்றில் கேட்கும். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இருப்பது ஸ்னேர், அதன் அடித்தோலை ஒட்டி மெல்லிய கம்பிச்சுருள்கள் ஓடுவதால் ‘டக்’ என்ற சத்தத்தோடு கொஞ்சம் சரசரப்பும் சேர்ந்து வரும். இடது காலில் இயக்குவது ஹை-ஹாட், ஜால்ரா போல ஒன்றின் மேல் ஒன்று கவிழ்ந்த இரண்டு தட்டுகள், மூடியிருக்கும்போது அடித்தால் ‘டிக்’, சற்றே திறந்திருந்தால் ‘ட்ஸ்ஸ்’. இவை போக உருண்டையான குரலில் பேசும் டாம்கள், அப்புறம் தனித்தனியாக நிற்கும் உலோகத் தட்டுகள், அதாவது சிம்பல்கள். அவ்வளவுதான்.

இப்போது உட்கார்ந்த இடத்திலேயே ஒன்று செய்து பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே இருங்கள். ஒன்றிலும் மூன்றிலும் வலது காலைத் தரையில் தட்டுங்கள். இரண்டிலும் நான்கிலும் இடது கையால் தொடையில் அடியுங்கள். வலது கையால் மேசையில் எண்ணுக்கு இரண்டு தட்டு. பாப், ராக் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை இதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். இரண்டிலும் நான்கிலும் விழுகிற அந்தத் தொடை அடிக்கு பேக்பீட் என்று பெயர். பத்து நிமிடத்தில் யாருக்கும் வந்துவிடும். அப்படியிருக்க, ஒருவர் இதை வாசித்தால் நம் கால் தானாகத் தாளம் போடுகிறது, இன்னொருவர் இதையே வாசித்தால் சுவர்க் கடிகாரத்தைக் கேட்பது போல இருக்கிறதே, அது எதனால்?

எங்கே அடிக்காமல் விடுகிறார், எந்த அடியை எவ்வளவு மெதுவாக அடிக்கிறார், எண்ணிக்கையில் ஒரு இழை முன்னாலா பின்னாலா, கூட வாசிப்பவர் சொல்வது காதில் விழுகிறதா. என் கணக்கில் விஷயம் இந்த நாலுக்குள்தான் இருக்கிறது, ஆனால் நாலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் தனித்தனியாகப் பிரித்து வைக்கப்போவதில்லை.

அடிக்காமல் விடுவதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு ஓர் அருமையான கதை இருக்கிறது. கிங் கிரிம்சன் என்ற ஆங்கிலேய ராக் குழு 1973 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில் வாசித்தது. நடுவில் முன்கூட்டித் திட்டமிடாத ஒரு மனோதர்மப் பகுதி. வயலின், மெலட்ரான் என்ற கீபோர்டு, பேஸ் கிதார் மூன்றும் மெல்லமாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தன. டிரம்மர் பில் புரூஃபோர்ட் எங்கே உள்ளே நுழையலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார், கேட்டுக்கொண்டே இருந்து, இதற்கு டிரம்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்து, குச்சிகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்துவிட்டார். ஐந்தரை நிமிடத்துக்கு மேல், ஓர் அடி கூட இல்லை. 1974இல் அது ‘டிரையோ’ என்ற பெயரில் இசைத்தட்டில் வந்தபோது மற்றவர்கள் அதை இயற்றியவர்களின் பட்டியலில் புரூஃபோர்ட் பெயரையும் சேர்த்தார்கள். வாசிக்காமல் இருந்ததற்காக ஒருவருக்கு இசையமைத்தவர் என்ற பெயர்! இவர் சாதாரணமாகவே சிக்கலான கணக்குகளை அநாயாசமாக வாசிக்கிறவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் சும்மா இருத்தலின் எடை தெரியும். நானாக இருந்தால் இருபதாவது நொடியில் சிம்பலைத் தொட்டிருப்பேன்.

இதன் சின்ன வடிவம் எல்லாப் பாட்டிலும் நடக்கிறது. 1963இல் ரானெட்ஸ் குழு பாடிய ‘பி மை பேபி’யின் தொடக்கத்தைக் கேளுங்கள், வேறு எதுவும் இல்லை, டிரம்ஸ் மட்டும்: தும், த-தும், டக். தும், த-தும், டக். வாசித்தவர் ஹால் பிளேன், லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு வாசித்தவர். இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் விழ வேண்டியது, இரண்டில் விழ வேண்டியதைத் தவறவிட்டுவிட்டேன், சரி, தப்பு தெரியாமல் இருக்க அப்படியே தொடர்ந்துவிட்டேன் என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அந்த ஓர் அடி இல்லாமல் போனதால் நான்காவது எண்ணில் விழும் ‘டக்’குக்காகக் காது ஏங்கிக் காத்திருக்கிறது. பாட்டு காத்திருப்பைப் பற்றியது என்பதால் அது இன்னும் பொருத்தமாகிவிட்டது.

ஜமைக்காவின் ரெகே இசையில் இந்த விடுதலே இலக்கணமாகிவிட்டது. பாப் மார்லியோடு வாசித்த கார்ல்டன் பாரெட் பிரபலமாக்கிய நடைக்கு ‘ஒன் டிராப்’ என்று பெயர், அதில் ஒன்றாவது எண் காலி. கிக் மூன்றில்தான் விழும். நமக்குச் சமம் என்பது தாளத்தின் தலைவாசல், தொடையில் ஓங்கித் தட்டி உறுதிப்படுத்துகிற இடம், அதையே ஒருவர் ஒவ்வொரு சுற்றிலும் வெறுமனே விட்டுக்கொண்டு போகிறார் என்றால் கேட்க எப்படி இருக்கும்? மிதக்கிற மாதிரி இருக்கும். முன்பு செய்த தொடைத் தாளத்தில் ஒன்றில் காலை வைக்காமல் மூன்றில் மட்டும் வைத்துப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும்.

அடுத்தது சத்தம். புதிதாகக் கேட்பவர்கள் ஓங்கி விழுகிற அடிகளை மட்டும் எண்ணுவார்கள், உண்மையான வேலை அவற்றுக்கு நடுவில் நடக்கிறது. ஸ்னேரில் குச்சியை ஓங்காமல், தோலுக்கு ஓர் அங்குலம் மேலிருந்து சும்மா விழவிடுவார்கள், அதற்கு கோஸ்ட் நோட் என்று பெயர். தனியாகக் கவனித்தால் கிட்டத்தட்ட கேட்காது, எடுத்துவிட்டால் பாட்டு செத்துவிடும். இதற்கு ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால் கிளைட் ஸ்டபுள்ஃபீல்ட். அமெரிக்காவின் சட்டனூகாவில் வளர்ந்தவர், முறையாகப் படிக்காதவர், ஊரைச் சுற்றியிருந்த ஆலைகளும் ரயில்களும் போட்ட சத்தத்திலிருந்துதான் தாளம் பழகினேன் என்பார். ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ 1969இல் பதிவாகி 1970இல் வெளிவந்தது. நீளமான பாட்டு, நடுவில் மற்ற எல்லோரும் நிறுத்திவிட, எட்டுச் சுற்று டிரம்ஸ் மட்டும் ஓடும். ஹிப்-ஹாப்காரர்கள் பிறகு அந்தத் துண்டை வெட்டி எடுத்து எத்தனை பாட்டுகளில் ஒட்டினார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. பாட்டின் உரிமை ஜேம்ஸ் பிரவுனின் பெயரில் இருந்ததால் ஸ்டபுள்ஃபீல்டுக்கு அதிலிருந்து பங்கு எதுவும் வரவில்லை, அது வேறு கதை, வயிற்றெரிச்சல் கதை. அந்த எட்டுச் சுற்றை ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதல் தடவை பேக்பீட் மட்டும் கேட்கும். நாலாவது தடவை அதற்கு நடுவில் யாரோ காதருகே கிசுகிசுப்பது போன்ற சின்ன அடிகள் தெரிய ஆரம்பிக்கும். தெரிந்துவிட்டால் பிறகு எல்லாப் பாட்டிலும் அதைத் தேடுவீர்கள், எச்சரித்துவிட்டேன்.

மெதுவாக அடிப்பதுதான் இசையுணர்வு என்று யாராவது இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. லெட் செப்பலின் ஜான் பான்ஹம் மாதிரி ஓங்கி அடித்தவர்கள் குறைவு. 1971இல் வெளிவந்த ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாட்டுக்காக ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே அவர் டிரம்ஸைப் போட்டு, மாடியிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்தப் படிக்கட்டுக் கூடம் முழுவதும் எதிரொலிக்கிறது, மலை நடந்து வருவது போல. ஆனால் கவனியுங்கள், அவர் அங்கே வாசிப்பது மிகச் சில அடிகள்தான், ஒவ்வொன்றின் எதிரொலிக்கும் இடம் விட்டுவிட்டு அடுத்ததைப் போடுகிறார், எண்ணுக்கு ஒரு இழை பின்னால் சாய்ந்தபடி. அவசரமே இல்லை. அவருடைய மேடைத் தனிகள் இருபது நிமிடம் ஓடியதுண்டு, சொன்னால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள், நான் அவற்றைத் தாண்டிப் போய்விடுவேன். சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களைத் திட்டுகிற ஆள் நான், என்றாலும் பான்ஹமின் முழுத் திறமையும் பாட்டுக்குள்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

‘ஒரு இழை பின்னால்’ என்றேன். காலப்பிரமாணம் ஓடுவது, இழுப்பது என்று நாம் குறையாகச் சொல்வது வேறு, இது வேறு. மொத்த வேகம் மாறாது, அடி விழுகிற நொடி மட்டும் எண்ணின் விளிம்பில் முன்னாலோ பின்னாலோ சாய்ந்திருக்கும். முன்னால் சாய்ந்தால் பாட்டுக்குப் பரபரப்பு வரும், பின்னால் சாய்ந்தால் ஈசிசேரில் உட்கார்ந்த சுகம் வரும். வார்த்தையால் இதற்கு மேல் விளக்க முடியாது, கையால் செய்து பார்க்கலாம். திஸ்ரத்தில் நாலு முறை மெதுவாகச் சொல்லுங்கள்: தகிட தகிட தகிட தகிட. வலது கை ‘த’விலும் ‘ட’விலும் மட்டும் மேசையைத் தட்டட்டும். நடுவில் விடுபட்ட ‘கி’யை இடது கை விரல் நுனியால், கேட்டும் கேட்காமலும் தொடட்டும். மூன்றாவது தகிடவின் ‘த’வில் மட்டும் இடது கை ஓங்கி ஓர் அடி. வேகம் கூட்டாமல் ஐந்து நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தால், உருண்டுகொண்டும் அதே சமயம் சோம்பலாகவும் ஒரு நடை வரும் பாருங்கள், நியூயார்க் ஸ்டூடியோக்களில் பெர்னார்ட் பர்டி என்ற டிரம்மர் தன் பெயராகவே ஆக்கிக்கொண்ட ஷஃபிள் அதுதான். ஸ்டீலி டான் குழுவின் 1977ஆம் ஆண்டு இசைத்தட்டில் ‘ஹோம் அட் லாஸ்ட்’ பாட்டில் அதைக் கேட்கலாம். 1979இல் பான்ஹம் ‘ஃபூல் இன் த ரெய்ன்’ பாட்டில் தன் பாணியில் அதை வாசித்தார். 1982இல் டோட்டோ குழுவின் ஜெஃப் போர்காரோ இரண்டையும் எடுத்து, கிக்கில் போ டிட்லி என்ற பழைய ராக் இசைக்காரரின் தாளக்கட்டை வைத்துத் தைத்து ‘ரோசன்னா’வை வாசித்தார். எது யாரிடமிருந்து வந்தது என்று அவரே ஒளிவுமறைவில்லாமல் பாடம் எடுத்திருக்கிறார். மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பர்டி சிரித்துக்கொண்டே வாசிக்கிறார், பான்ஹம் குடித்துவிட்டுத் தெருவில் ஆடிக்கொண்டு வருகிறார், போர்காரோ இஸ்திரி போட்ட சட்டையோடு வருகிறார். ஒரே சொல்கட்டை மூன்று பேர் சொன்னால் மூன்று குரல் கேட்பது போல.

அந்த ஸ்டீலி டான் தட்டின் தலைப்புப் பாட்டில் இன்னொருவர் வாசிக்கிறார், ஸ்டீவ் கேட். சாக்ஸபோன் தனியாகப் பேசும்போது அதற்கு அடியில் அவர் எழுப்புகிற புயலைக் கேட்டுவிட்டு, 1975இல் வந்த பால் சைமனின் ‘ஃபிஃப்டி வேஸ் டு லீவ் யுவர் லவர்’ பாட்டுக்குப் போங்கள். அதில் சிப்பாய்கள் நடைபோடும்போது வாசிக்கிற மாதிரி ஒரு சின்ன வடிவம், மிக மெதுவாக. இராணுவ இசைக்குழுவில் இருந்தவர் கேட், அந்தக் கை அப்படியே தெரியும். சோகமும் கிண்டலும் கலந்த ஒரு காதல் முறிவுப் பாட்டுக்கு அணிவகுப்புத் தாளம் என்று யோசித்தாரே, அங்கேதான் அவர் டிரம்மர் என்பதைத் தாண்டிப் பாட்டை எழுதியவர்களில் ஒருவர் ஆகிவிடுகிறார்.

ராக்கில் இன்னும் பலர் இருக்கிறார்கள், ஓடிக்கொண்டே சொல்கிறேன். பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டாரை ‘சுமார்’ என்று சொல்வது ஒரு காலத்தில் ஃபேஷனாக இருந்தது. இடது கைக்காரர், வலது கைக்காரருக்கான வரிசையில் வைத்த செட்டில் வாசித்தார், அதனால் அவர் ரோல்கள் எல்லோரும் போடுகிற வழியில் உருளாது, தடுக்கிவிழுந்து எழுந்து வருவது போல வரும், அதுதான் அழகு. 1969ஆம் ஆண்டின் ‘கம் டுகெதர்’ தொடக்கம் ஒன்று போதும். ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ், ஸ்னேரில் அடி விழும்போதெல்லாம் ஹை-ஹாட்டில் இருந்த கையைத் தூக்கிவிடுவார். வீடியோவில் பார்த்தால் ஏதோ பழக்கதோஷம் போலத் தெரியும், காதில் அந்த பேக்பீட்டைச் சுற்றிக் கொஞ்சம் வெளிச்சம் விழுந்த மாதிரி இருக்கும்.

ஜாஸுக்கு வருவோம். இங்கே விளையாட்டே வேறு, ஏனென்றால் டிரம்மர் தாளம் காட்டிக்கொண்டு பின்னால் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1967இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழு ‘நெஃபர்டிடி’யைப் பதிவு செய்தது. வழக்கமாக டிரம்பெட்டும் சாக்ஸபோனும் மெட்டை ஒரு முறை வாசித்துவிட்டுக் கற்பனைக்குப் போகும், டிரம்ஸ் பக்கவாத்தியம். இதில் தலைகீழ். அந்த இருவரும் எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் பாட்டு நெடுக அதே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள், அடியில் டோனி வில்லியம்ஸ், அப்போது 21 வயது, ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு காரியம் செய்கிறார். ஒரு சுற்றில் முணுமுணுப்பு, ஒரு சுற்றில் இடி, ஒரு சுற்றில் சிம்பல் மட்டும். பல்லவியின் ஒரே வரியைப் பாடகர் பாடிக்கொண்டே இருக்க, சங்கதியையெல்லாம் மிருதங்கம் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி. 17 வயதிலேயே மைல்ஸிடம் சேர்ந்த பையன் இவர் என்பதை அடைப்புக்குறிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்வின் ஜோன்ஸ் இன்னொரு ரகம். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழுவில் அவர் வாசிப்பதைக் கேட்டால் ஒன்று, இரண்டு என்று எண்ணவே தோன்றாது, அலை அலையாக வரும். 1964 டிசம்பர் 9 அன்று பதிவான ‘எ லவ் சுப்ரீம்’ நாலு பகுதி. மூன்றாவது பகுதி அவருடைய தனியோடுதான் தொடங்குகிறது. நான் சொல்ல வந்தது நாலாவது பகுதி. கோல்ட்ரேன் கடவுளை நோக்கி ஒரு கவிதை எழுதி, அதன் சொற்களை வாயால் சொல்லாமல் அசை அசையாக சாக்ஸபோனில் வாசிக்கிறார். தாளம் கிடையாது. விருத்தம் பாடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் கச்சேரியில் அந்த இடத்தில் மிருதங்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எல்வின் கையைக் கட்டவில்லை. டிம்பனி என்ற பெரிய மேளத்தில் பஞ்சுத்தலைக் கோல்களால் உருட்டிக்கொண்டே, அவர் ஒரு வரியை முடித்து மூச்செடுக்கும் இடத்தில் அலையை ஏற்றி, அடுத்த வரி தொடங்கும்போது இறக்குகிறார். தாளமே இல்லாத இடத்தில் டிரம்மருக்கு என்ன வேலை என்று இதற்கு முன் நான் யோசித்ததில்லை.

டிரம்மில் மெட்டு இருக்க முடியுமா என்ற பழைய கேள்விக்கு ஜாஸ் டிரம்மர் மேக்ஸ் ரோச் பதில் சொல்லிவிட்டார். 1966இல் வந்த அவருடைய ‘த டிரம் ஆல்சோ வால்ட்ஸஸ்’ பதிவில் வேறு வாத்தியம் இல்லை. இரண்டு காலும் கிக்கிலும் ஹை-ஹாட்டிலும் மூன்றெண்ணிக்கையில் ‘தும், டிக், டிக்’ என்று நிற்காமல் போய்க்கொண்டிருக்க, கைகள் ஒரு சின்னச் சொற்றொடரைச் சொல்கின்றன, கொஞ்சம் இடைவெளி விட்டு அதையே மாற்றிச் சொல்கின்றன, கேள்வி கேட்டுப் பதிலும் சொல்லிக்கொள்கின்றன. கேட்டு முடித்தபின் நீங்கள் அதை வாயால் பாட முடியும். டிரம்ஸ் தனியைக் கேட்டுவிட்டு முணுமுணுக்க முடிகிறதா என்பதுதான் என்னுடைய சோதனை, பெரும்பாலான தனிகள் இதில் தேறுவதில்லை. கடல் தாண்டிப் போன பாதிப்பு இவருடையது: நைஜீரியாவின் லாகோஸில் வானொலி நிலையத் தொழில்நுட்பப் பணியாளராக இருந்துகொண்டு தானாக டிரம்ஸ் பழகிய டோனி ஆலன், ஹை-ஹாட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று ரோச் ஓர் இதழில் எழுதிய பாடத்தைப் படித்துத் தெரிந்துகொண்டார். பிறகு பாடகர் ஃபெலா குட்டியோடு சேர்ந்து ஆஃப்ரோபீட் என்ற ஒரு புது இசையையே உருவாக்கினார். 1975இல் வந்த ‘வாட்டர் நோ கெட் எனிமி’யைப் போட்டுவிட்டு, வலது கையை மட்டும் ஒரு நிமிடம், இடது கையை மட்டும் ஒரு நிமிடம், கால்களை ஒரு நிமிடம் என்று கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து வாசிக்கிறார்களோ என்று தோன்றும். அத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போது ஓர் அடி கூடச் சத்தம் போட்டு முன்னால் வருவதில்லை.

நம் ஊர்ச் சங்கதி ஒன்று. டேவ் பிரூபெக் என்ற ஜாஸ் பியானோக்காரரின் குழு 1958இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை என்று சுற்றிவந்தபோது சென்னைக்கும் வந்தது, இங்கே பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தது. அந்தக் குழுவின் டிரம்மர் ஜோ மொரெல்லோ சிறு வயதில் வயலின் வாசித்தவர், ஒன்பது வயதில் பாஸ்டன் சிம்பனியோடு தனி வாசித்த பிள்ளை, பதினைந்து வயதில் வயலின் மேதை ஹைஃபெட்ஸ் வாசித்ததைக் கேட்டுவிட்டு ‘இது நமக்கு ஆகாது’ என்று டிரம்ஸுக்கு மாறியவர். அடுத்த ஆண்டு, 1959இல், ‘டேக் ஃபைவ்’ வந்தது. ஐந்தெண்ணிக்கை. கண்ட சாபு தெரிந்தவர்கள் ஜாக்கிரதை, இது இரண்டும் மூன்றும் இல்லை, மூன்றும் இரண்டும், முதல் சில சுற்றுகளில் கை தானாக நம் வழிக்குத் திரும்பப் பார்க்கும். சென்னைக்கு வந்துபோனதால்தான் இது பிறந்தது என்றெல்லாம் மார்தட்ட மாட்டேன். ஆனால் நடுவில் வரும் மொரெல்லோவின் தனியை நம் காதுக்கு உடனே பிடித்துவிடுகிறது. பியானோ அந்த ஐந்தை விடாமல் சொல்லிக்கொண்டிருக்க, அவர் ஓரிரண்டு அடி போட்டுவிட்டுக் காத்திருக்கிறார், நம் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டிவிட்டு ஆள் வருகிறாரா என்று பார்ப்பது போல. வயலின் வாசித்த கைக்குத்தான் அந்த நிதானம் வரும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

பாலக்காடு மணி ஐயரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை எப்படி முடிப்பது? சங்கீத கலாநிதி விருதை முதன்முதலில் பெற்ற மிருதங்க வித்வான் அவர்தான், 1966இல். கிருதியின் சாகித்தியம் எங்கே நிற்கிறது, எங்கே மடங்குகிறது என்று மனப்பாடமாகத் தெரிந்துகொண்டு, அதனோடு கூடவே நடந்து, சட்டென்று ஓரிடத்தில் கையை எடுத்துவிட்டு, பாடகரின் குரல் மட்டும் தனியாகத் தெரியவிட்டு, திரும்ப வந்து சேர்வார். பழைய பதிவுகளில் அந்தக் கை எடுத்த இடங்களைத் தேடிக் கேளுங்கள். கேட்டபின் புரூஃபோர்டும் சார்லி வாட்ஸும் அந்நியமாகவே தெரிய மாட்டார்கள்.

எப்படிக் கேட்பது என்று கேட்டால், ஒரு பாட்டை மூன்று தடவை போடுங்கள் என்பேன். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை பாட்டை முழுசாக மறந்துவிட்டு ஹை-ஹாட்டையோ சிம்பலையோ மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், நடுவில் காது பாடகரிடம் ஓடும், இழுத்துப் பிடித்து உட்காரவையுங்கள். மூன்றாவது தடவை பாடகரைக் கேளுங்கள், ஆனால் அவர் வரியை முடிக்கும் இடங்களில் டிரம்மர் என்ன செய்கிறார், எதையாவது செய்கிறாரா என்று பாருங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், கிக் கேட்கவே கேட்காது.

முதலில் எதைப் போடலாம் என்றால், பியானோக்காரர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் வாசித்ததைப் போடுங்கள். டிரம்ஸில் பால் மோஷியன், பல பாட்டுகளில் குச்சிக்குப் பதில் கம்பி பிரஷ், ஸ்னேர் தோலில் அரிசி புடைப்பது போன்ற ஒரு சத்தம், அதற்கு மேல் எப்போதாவது ஒரு சிம்பல். கிளப்பில் வந்தவர்கள் பேசிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தது அப்படியே பதிவாகியிருக்கிறது. முதல் சில தடவைகள் கேட்டபோது, மோஷியனின் சிம்பல் எது, யாரோ மேசையில் வைத்த கண்ணாடிக் குவளை எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.